சூப்பர்வைசர் கடித்த இருமல் மாத்திரை

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் எங்கள் சூப்பர்வைசர் இருமிக்கொண்டே வந்தார். அசெம்பிளி லைனில் ஒரு போல்ட்டை மாற்றிப் போட்டால்கூட, "இன்ஸ்ட்ரக்‌ஷனைப் படிச்சியா?" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிற அதே மனிதர்.

குருபரப்பள்ளி தாண்டியதும், டாக்டர் எழுதிக்கொடுத்த கேப்சூல் ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார்.

பக்கத்து சீட்டில் இருந்த நான் பதறிப்போய், "சார், அதைக் கடிக்கக்கூடாது. முழுசா முழுங்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கு" என்றேன்.

"முழுங்கினா அது எப்ப கரையறது, எப்ப வேலை செய்யறது? கடிச்சா சைக்கிள் டைம் மிச்சம்பா!" என்று, லைனில் ஒரு வேலை முடிய ஆகும் நேரக் கணக்கை மாத்திரைக்கும் போட்டார்.

உள்ளே இருந்த மருந்து வாயிலேயே பரவி, கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது. பயத்தில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினார். மரத்த தொண்டையில் அது வழி தவறிப் புரையேறி, முகம் சிவந்து, மூச்சுக்குத் தவித்துவிட்டார்.

மூச்சு சீரானதும் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, டப்பாவுக்குள் இருந்த காகிதத்தைப் படித்துக் காட்டினேன். மரத்துப்போனது சரியாகும்வரை எதையும் தின்னக்கூடாது, குடிக்கக்கூடாது.

ஓசூர் வரை வாயே திறக்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷத்தில் அவர் கடைப்பிடித்த முதல் இன்ஸ்ட்ரக்‌ஷன்.

கம்பெனி கேட்டில் இறங்கும்போது நாக்குக்கு உணர்வு திரும்பிவிட்டது. எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, கடிக்கக்கூடாதுன்னா சத்தமாச் சொல்ல மாட்டியா? உன்கிட்ட கம்யூனிகேஷனே சரியில்ல."

இந்த வியாதிக்கு மாத்திரை தெரிந்தவர்கள் எழுதுங்கள். கடித்துத் தின்கிற மாத்திரையாகச் சொல்லுங்கள், எப்படியும் கடிக்கத்தான் போகிறார்.