நூறிலிருந்து மேலே

காசிமேட்டில் மீன் ஏலம் விடுவது என் வேலை. இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் ஓடும் நாட்களில் சர்க்கரை இறங்கிவிடும். நாக்கு குழறும், கை நடுங்கும். ஒருநாள் ஏலத்தின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டேன். "காலீலயே ஊத்திகினு வந்துகீது பாரு" என்றான் ஒரு வியாபாரி. அந்தப் பேச்சுதான் என்னை ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்குப் பெயர் கொடுக்க வைத்தது.

அங்கே வேண்டுமென்றே சர்க்கரையை இறக்குவார்கள். குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனையோ வெறும் உப்புநீரையோ ஏற்றி, மூளையும் இதயமும் எப்படித் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள்.

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார் வீட்டுக்காரர்.

"ஹார்பர்ல வுழுந்தா குடிகாரின்றான். அங்க வுழுந்தா டாக்டரு கூடவே கீறாரு" என்றேன்.

ஆராய்ச்சி நாளன்று மார்பெல்லாம் ஒயர். வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது. நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார் டாக்டர். நான் "நூறு, நூத்திப்பத்து, நூத்தியிருவது" என்று கத்தி ஏற்றிக்கொண்டே போனேன்.

"குறைக்கணும்மா."

"ஏலத்துல நான் கொறச்சதே இல்ல சார்."

எனக்குள் போனது ஹார்மோனா, உப்புநீரா என்று இன்றுவரை சொல்லவில்லை. போகட்டும். அடுத்த வாரம் ஏலத்தில் மறுபடி கை நடுங்கியது. அந்த வியாபாரியின் முகத்துக்கு நேராக, மடியில் வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து வாயில் கொட்டிக்கொண்டேன்.

"சக்கரை நைனா. நல்லா பாத்துக்கோ. பாத்துட்டு வெலைய ஏத்து."