எனக்காக எழாத கைகள்

எதிர் வீட்டுக்காரரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது உண்மை. இன்றைக்கும் எரிகிறது. அதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது.

எண்பதுகளின் நடுவில் கிழக்குத் தாம்பரத்தில், மழை வந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஒரு புது நகரில் வீடு கட்டிக் குடிபோனோம். தெருவிளக்கு கிடையாது. குடிதண்ணீருக்கு லாரிதான். எல்லாரும் சேர்ந்து நலச் சங்கம் ஆரம்பித்தோம். வருஷா வருஷம் காலி மனையில் நாற்காலி போட்டு, கை தூக்கிச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விதி எழுதியதே நான்தான். பாரிமுனையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. நானே அடித்து, வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன்.

முதல் தேர்தலில் நானும் எதிர் வீட்டுக்காரரும் நின்றோம். அவருக்கு அப்படி என்ன இருந்தது? நல்ல உயரம், மைக் வேண்டாத குரல், புது ஸ்கூட்டர். என் கண் முன்னால் ஒவ்வொரு கையாக அவருக்கு எழுந்தது. பிரசவ வலி கண்டபோது நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தேனே, அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையும் எழுந்தது. எனக்கும் கணிசமாகத் தூக்கினார்கள். எண்ணிப் பார்த்ததில் அவர்தான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷம் அதே கைகள் எனக்கு எழுந்தாக வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தேன்.

அடுத்த வருஷம் தேர்தல் நடக்கவில்லை. அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து தெருவிளக்கு வாங்கித் தந்திருந்தார். அதற்கும் எனக்கு எரிச்சல். "வேலை பாதில நிக்குது, இவரே இருக்கட்டுமே" என்று யாரோ சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். அதற்கும் அடுத்த வருஷம் கூட்டமே அவர் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. சூடான போண்டா, காபி. போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு யார் எதிர்த்துப் பேசுவார்கள்? பிறகு பதவிக்காலம் மூன்று வருஷம் என்று விதியை மாற்றினார்கள். பிறகு விதி என்ற பேச்சே இல்லை. கணக்கு கேட்ட ஒரு வீட்டு வாசலில் மட்டும் தண்ணீர் லாரி நிற்காமல் தெருக்கோடிக்குப் போயிற்று. அந்த வீட்டுக்காரர் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

நான் திறந்தேன். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து, "தேர்தல் எப்போ?" என்று கேட்டேன். மாடியெல்லாம் சிரிப்பு. "மேடத்துக்கு இந்த நாற்காலி மேல ஒரு கண்ணு" என்பார் அவர், அன்பாகத்தான். பின்னால் இருந்து ஒரு குரல், "தோத்துப்போன பொறாமை சார்" என்னும். பொறாமைதான், யார் இல்லை என்றார்கள்? பொறாமைக்காரி கேட்டால் கேள்வி தப்பாகிவிடுமா? ஆகிவிட்டது. வேறு யாராவது தேர்தல் என்று ஆரம்பித்தாலும், "இன்னா, நீயும் அந்தம்மா மாதிரி ஆயிட்டியா?" என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் வீட்டை விற்றுவிட்டு மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்கிப் போனார். நாலு பேர் என் வீட்டுக்கு வந்து, "நீங்களே இருந்துடுங்க மேடம்" என்றார்கள். தேர்தல் வைத்தால்தான் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். காலி மனை எதுவும் மிச்சமில்லாததால் தெருவிலேயே பந்தல் போட்டோம். யாராவது எதிர்த்து நில்லுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. சரி, என்னை வேண்டும் என்பவர்கள் முதலில் கை தூக்குங்கள், வேண்டாம் என்பவர்கள் பிறகு தூக்குங்கள் என்றேன்.

கை தட்டினார்கள்.

"தட்டாதீங்க, தூக்குங்க" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். நான் ஆட்டோ பிடித்து வந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண், "அதான் தட்டிட்டோமே அக்கா, இன்னும் இன்னா வோணும்?" என்று கேட்டுவிட்டு, போண்டா வருகிறதா என்று திரும்பிப் பார்த்தாள்.

எனக்கு வேண்டியதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த மனிதருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைகளை எண்ணி வெற்றி கொடுத்தார்கள். பதவியை என்னிடம் விட்டுவிட்டு, அதை மட்டும் அவர் கொண்டுபோய்விட்டார்.