விலக்கப்படார்

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், எங்கள் சபையின் அச்சகத்தில் இருபத்தாறு வருடம் பிழை திருத்தினார். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே மூன்று பிழை கண்டுபிடித்துப் பெண் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மகான் அவர். மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், பக்கத்து வீட்டுப் பெயர்ப்பலகை எதையும் விடமாட்டார். காதில் சிவப்புப் பென்சில் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர் கையில் சபையின் வழிபாட்டு நூலைக் கொடுத்து, மறுபதிப்புக்குத் திருத்தித் தரச் சொன்னார்கள். வேறு வினை வேண்டுமா?

எங்கள் வழிபாட்டில் ‘அவன் முன் விழு’ என்று ஒரு வரி வரும். வந்ததும் முந்நூறு பேரும் தடாலென்று தரையில் விழுவோம். முட்டி போனவர்கள் பலர், என் அக்கா உட்பட. அத்தான் எங்கிருந்தோ முதல் பதிப்பைத் தூசி தட்டி எடுத்து வந்தார். அதில் இருந்தது ‘அவன் முன் விழி’. கண்ணைத் திற என்கிறது நூல். நாங்களோ அறுபது வருடமாக ஒரு எழுத்துப் பிழைக்காகக் குப்புற விழுந்து கொண்டிருக்கிறோம்.

“அச்சேறின சொல்லுல பிழையே கிடையாது. அதுதான் நம்ம முதல் விதி” என்றார் சபைத் தலைவர்.

“முதல் பதிப்பும் அச்சேறினதுதானேங்க ஐயா?”

அத்தானுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிந்தால்தானே! சபையை விட்டு விலக்கினார்கள். விலக்கப்பட்டவரோடு சபையில் இருப்பவர் யாரும் பேசக் கூடாது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. கட்டிய மனைவியும் அப்படித்தான். அக்கா விதிக்குப் பயந்தவள். ஆனால் வாய் சும்மா இருக்குமா? ஃபிரிட்ஜோடு பேச ஆரம்பித்தாள்.

“ஃபிரிட்ஜே, சாப்பாடு மேசைல இருக்கு. ஆறிடும்னு சொல்லிடு.”

அத்தான் தனியாகச் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு நன்றி சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

விலக்கல் அறிவிப்பை டைப் அடித்தது, சபை அலுவலகத்தில் வேலை பார்க்கும் நான். பிழை திருத்த ஆள் இல்லை. ஆளையே திருத்திக் கொண்டிருந்தார்களே. முந்நூறு பேருக்கும் அறிவிப்பு போன பிறகுதான் பார்த்தோம். ‘இவர் இன்று முதல் சபையிலிருந்து விலக்கப்படார்.’ விலக்கப்பட்டார் என்பதில் ஒரு ‘ட்’ விடுபட்டுவிட்டது. விலக்கவே மாட்டோம் என்று அச்சேற்றிவிட்டோம்! கை தவறிவிட்டது என்றுதான் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

சபை மூன்று நாள் கூடிக் கூடிப் பேசியது. அச்சில் பிழை இல்லையென்றால் அத்தானை விலக்க முடியாது. பிழை உண்டென்றால் அவர் சொன்னது சரி. கடைசியில் தலைவரே என்னையும் இழுத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்கு வந்தார்.

“ஒரு எழுத்துதான் தம்பி. நீங்களே பார்த்துச் சரி பண்ணிக் குடுத்துடுங்க.”

சமையலறைக் கதவோரம் அக்கா நின்றிருந்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த எழுத்து அப்படியே கிடந்தால் அவள் புருஷனோடு பேசலாம், ஒரே மேசையில் சாப்பிடலாம். அத்தான் அவளைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். கை தானாகக் காதுக்குப் போனது.

“தப்பைப் பார்த்துட்டு எப்படிங்க விடுறது?” என்று சிவப்புப் பென்சிலால் ‘ட்’ போட்டார். “மேல ‘பிழை திருத்தம்’னு தலைப்புப் போடணும். அதுதான் முறை.”

தலைவர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று தாளோடு ஓடினார். முந்நூறு பேருக்கும் ‘பிழை திருத்தம்’ போனது.

“பார்த்தியா ஃபிரிட்ஜே, ஒரு எழுத்தை விட்டுத் தொலைச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?” என்று அக்கா அழுதாள். அழுது முடித்துவிட்டு, ‘பிழை திருத்தம்’ என்று சபையே அச்சேற்றிய அந்தத் தலைப்பையே வெகுநேரம் பார்த்துக் கொண்டிருந்தாள்.

அடுத்த வழிபாட்டில் அந்த வரி வந்தது. தடால். நானும்தான் விழுந்தேன், வேலை போய்விடுமே. தலையைத் தூக்கினால், முந்நூறு முதுகுகளுக்கு நடுவே ஒருத்தி மட்டும் கண்ணை அகலத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தாள். என் அக்கா.

அவளுக்கான அறிவிப்பையும் நான்தான் அடித்தேன். இந்த முறை ‘ட்’டை மூன்று தடவை சரிபார்க்கச் சொன்னார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை நேராக அத்தானிடம் நீட்டினாள்.

“இந்தாங்க, எனக்கும் வந்துடுச்சு. பிழை இருக்கான்னு பாருங்க.”

ஏழு வாரம் கழித்து அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

“ஒரு பிழையும் இல்ல” என்றார்.

இருவரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். எங்கள் மூவரில் சபையில் மிஞ்சியவன் நான்தான். வாசலிலேயே நின்றபடி, “ஃபிரிட்ஜே, எனக்கும் பசிக்குதுன்னு அக்காகிட்ட சொல்லு” என்றேன்.

அக்கா திரும்பக்கூட இல்லை. “வாய் உனக்குத்தானேடா இருக்கு? நேரா கேளு” என்றாள்.