மழைக்காலத்தில் எடுத்த படம்

நானும் என் கணவரும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன், கோடையில், திருத்தங்கல் பக்கம் ஒரு மனை பார்த்தோம். மேடு பள்ளமில்லாத கட்டாந்தரை. பிடித்துப்போய், பத்திரம் பதிய நாளும் குறித்துவிட்டோம்.

விருதுநகரில் நில வரைபட வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் செல்வி, சர்வே எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டாள். பழைய வரைபடத்தின் மேல், செயற்கைக்கோள் எடுத்த படங்களை மாதவாரியாக வைத்துக் காட்டினாள். கார்த்திகை மாதப் படங்களில் எங்கள் மனையையே காணோம். அங்கே தண்ணீர்தான் இருந்தது.

“அத்தை, கம்மாய் நெறஞ்சா தண்ணி இங்கன வந்துதான் நிக்கும்” என்றாள் செல்வி.

“வெயில்ல பாத்து ஏமாந்துட்டமே!” என்று என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதை விட்டுவிட்டு, மேட்டில் வேறு மனை வாங்கி வீடு கட்டினோம். போன அடைமழையில் கம்பெனி லீவு. இருவரும் குடை பிடித்துப் போய், முதலில் பார்த்த மனையைப் பார்த்தோம். அந்த இடத்தில் எல்லைக்கல்கூட மூழ்கிக் கிடந்தது. திரும்பி வந்து, நனையாத எங்கள் வீட்டில் உட்கார்ந்து சூடாகக் காபி குடித்தோம்.

இப்போதெல்லாம் யார் மனை வாங்கப் போவதாகச் சொன்னாலும், “மழைக்காலத்துப் படத்தைப் பாத்தீகளா?” என்றுதான் முதலில் கேட்கிறேன்.

— ராமலட்சுமி, திருத்தங்கல்