நான் கம்ப்யூட்டராக இருந்த காலை

இரண்டு மாதங்களுக்கு முன்னால் ஒருநாள் காலையில் நான் கம்ப்யூட்டராக இருந்தேன்.

சிரிக்காதீர்கள்... நிஜம்தான்.

எங்கள் தங்கவயலின் ஊரிகம் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் ஏறினால், பங்காருப்பேட்டை வருவதற்குள் பாதிப் பெட்டி தூங்கிவிடும். நானும்தான். அன்று தூங்கவிடாமல் தோளைத் தட்டினாள் எதிர் சீட் கௌதமி. வெப்சைட் டிசைன் செய்கிற பெண்.

"அக்கா, ஒரு உதவி. நீங்கதான் கம்ப்யூட்டர்."

என் மடியில் ஒரு கட்டு வெள்ளைத்தாள். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்த ஒரு ஸ்கிரீன். தங்கவயலில் ரத்தம் தேவைப்படுகிறவர்களையும் கொடுக்கிறவர்களையும் இணைக்கும் வெப்சைட் — ஊருக்காகச் சும்மா செய்து தருகிறாள். கம்ப்யூட்டரில் ஏற்றும் முன்னால் காகிதத்திலேயே நாலு பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். அவர்கள் எந்த பட்டனைத் தொடுகிறார்களோ, அதற்குரிய தாளை நான் எடுத்து வைக்க வேண்டும். பேசக் கூடாது. கம்ப்யூட்டருக்கு ஏது வாய்?

வெளியே பனி. பழைய தங்கச் சுரங்கம் கொட்டிவிட்டுப் போன சயனைட் மண்மேடுகள் தரையைத் தொடாமல் மிதப்பது போலிருந்தது. தூக்கமும் விழிப்பும் கலந்த அந்த வெளிச்சத்தில் நாங்கள் மூன்று பேர். மூன்றாவது ஆள் சாந்தி அக்கா. ஒயிட்ஃபீல்டில் ஒரு ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை.

சாந்தி அக்கா விரலால் பெயர் எழுதினாள், காகிதத்தின் மேல், மையில்லாமல். அடுத்த தாள் வைத்தேன். ரத்த வகை. 'ஓ நெகட்டிவ்' என்ற கட்டத்தைத் தொட்டாள். கௌதமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சுலபத்தில் கிடைக்காத ரத்தமாயிற்றே!

அடுத்த தாள். மொபைல் நம்பர்.

விரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. ரயில் ஆடியது. தாள் ஆடியது. விரல் இறங்கவே இல்லை.

"இந்த நம்பரை யாரெல்லாம் பார்ப்பாங்க பாப்பா?"

"வெப்சைட்டுக்கு வர்றவங்க எல்லாரும் பார்க்கலாம் அக்கா."

"அப்ப வேணாம்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பார்த்தபடி அவளாகவே சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் யாருக்கோ அவசரம் என்று வாட்ஸ்அப்பில் தன் நம்பரைப் போட்டிருக்கிறாள். ரத்தமும் கொடுத்திருக்கிறாள். அதன்பிறகு மாசக்கணக்கில் முன்பின் தெரியாத ஆண்களின் போன்.

"'இன்னா பண்றே, தனியாவா கீறே'ன்னு கேக்குறான். சிம்மையே மாத்திட்டேன். அதோட ரத்தம் குடுக்கறதையும் விட்டுட்டேன்."

கௌதமி என் மடியிலிருந்து அந்தத் தாளை உருவி, பின்பக்கம் திருப்பி வரைய ஆரம்பித்தாள். பெங்களூர் வரை வரைந்தாள். நம்பர் யாருக்கும் தெரியாது. ரத்தம் கேட்பவரின் செய்தி மட்டும் கொடுப்பவருக்குப் போகும். 'வருகிறேன்', 'முடியாது' — இரண்டே பட்டன். முடிவு கொடுப்பவர் கையில்.

அடுத்த வாரம் மறுபடி நான் கம்ப்யூட்டர். இந்த முறை சாந்தி அக்காவின் விரல் எங்கும் நிற்கவில்லை.

நாம்கூட தினமும் எத்தனை ஃபாரம் நீட்டுகிறோம்... ஒரு கட்டம் காலியாகத் திரும்பி வந்தால், நிரப்பத் தெரியவில்லை என்று எத்தனை சுலபமாக நினைத்துவிடுகிறோம்!

வெப்சைட் வந்துவிட்டது. சாந்தி அக்காவைக் கேட்டுக்கொண்டு, அவள் விவரத்தை கௌதமியே அதில் பதிந்து கொடுத்தாள். போன வியாழக்கிழமை சாந்தி அக்கா ரயிலில் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தாள், கொஞ்சம் சோர்வாக, நிறைய சிரிப்பாக. எங்கள் ஊர் ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஓ நெகட்டிவ் தேவைப்பட்டிருக்கிறது. லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"தாயும் புள்ளையும் நல்லா கீறாங்க. யாரு, எவருன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்கும் என்னைத் தெரியாது."

கௌதமிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் டிசைனர் ஆயிற்றே, கேட்காமல் இருக்க முடியுமா?

"வெப்சைட் எப்படி இருந்திச்சு அக்கா?"

"வெப்சைட்டா? அதை எங்க பார்த்தேன்? மெசேஜ் வந்திச்சு... போனேன்."

டிசைன் கண்ணிலேயே படாமல் வேலை முடிந்திருக்கிறது, ஒரு டிசைனருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்றாள் கௌதமி — கொஞ்சம் முகம் வாடித்தான்!