‘பிடு’ என்று கத்திய பையன்

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி கைப்பேசியில் ஒரு ஹாக்கி ஆட்டம் காட்டினாள். நீலத் தரையில் பையன்கள் பறக்கிறார்கள். திரையின் ஓரத்தில் யார் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை பந்தைத் தவறவிட்டார் என்று எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. எனக்குப் பொறாமையாக இருந்தது. எண்ணுவது என் பிறவி வியாதி. சாம்பாரில் முருங்கைக்காய்த் துண்டு குறைந்தால்கூட எனக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் என் காலத்தில் என்னிடம் இருந்த கருவி புளியங்கொட்டைதான்.

எண்பதுகளில் தர்மபுரியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். கொஞ்சம் ஹாக்கி ஆடியவன் என்பதால் விளையாட்டு விடுதிக்குப் பையன்களைத் தேர்ந்தெடுக்க என்னையும் உட்கார வைப்பார்கள். கால்சட்டையில் ஒரு பையனுக்கு ஒரு பை. பந்தை நன்றாக நிறுத்தினால் ஒரு கொட்டை உள்ளே போகும், சொதப்பினால் வெளியே வரும். துவைத்தாலும் அந்தப் புளிவாசம் போகாது. எறும்பு வருகிறது என்று மனைவி திட்டுவாள்.

என்னோடு உட்காருகிறவர் ராணுவத்தில் ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார். அவர் எதையும் எண்ணமாட்டார். “வுளுந்து எந்திரிச்சதும் மொதல்ல பந்தத் தேடறானா, முட்டியத் தேடறானா, அத மட்டும் பாருங்க சார்” என்பார்.

அந்த வருஷம் ஒரே ஒரு இடம் பாக்கி. விடுதிக்குப் போனால் சாப்பாடு, படிப்பு, பிறகு ஏதாவதொரு துறையின் அணியில் வேலை. ஹாக்கியால் பிழைப்பது என்றால் அன்று அவ்வளவுதான். போட்டியில் இருவர். ஒருவன் ஊரில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகன் அன்வர். இன்னொருவன் பென்னாகரத்துக்கு அப்பாலிருந்து பஸ் ஏறி வந்த மாதப்பன், வீட்டில் கன்னடம் பேசுகிறவன். இருவரையும் ஒரே அணியில் ஆடவிட்டோம்.

பந்து அன்வரிடம் வரும்போதெல்லாம் பின்னாலிருந்து மாதப்பன் கத்துவான். இரைச்சலில் எங்களுக்கு “பிடி, பிடி” என்று கேட்டது. அன்வர் பந்தைப் பிடித்து நிறுத்துவான். உடனே மாதப்பன் அவனை முறைப்பான்.

“என்ன சார் இவன், புடிங்கறான், புடிச்சா மொறைக்கறான். புத்தி ஒரு நெலையில இல்லீங்க. அன்வரையே போட்டுருங்க” என்றார் ஹவில்தார். நானும் மாதப்பன் பையிலிருந்து நாலு கொட்டைகளை வெளியே எடுத்தேன்.

இடைவேளையில் இருவருக்கும் சண்டை.

“புடின்னு நீதானடா கத்துன?” என்றான் அன்வர்.

“பிடுன்னேன்டா! வுடுன்னு அர்த்தம். உம் பின்னாடிதான வந்துட்டிருந்தேன்!”

அன்வர் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து நேராக எங்களிடம் வந்தான். “சார், அவன் வுடுன்னுதான் சொல்லியிருக்கான். எனக்குத்தான் வெளங்கல. இன்னொருவாட்டி ஆடறோங்க.”

“யோசிச்சுக்கடா, இருக்கறது ஒரு எடம்” என்றார் ஹவில்தார்.

“தெரியுங்க சார். ஆனா பஸ் ஏறற வரைக்கும் இவன் என்னத் திட்டிட்டே இருப்பான்.”

மறுபடி ஆடினார்கள். மாதப்பன் “பிடு” என்றதும் அன்வர் மட்டையைத் தூக்கி வழிவிட்டான். பந்து எங்கே போகுமோ அங்கே மாதப்பன் முன்பே போய் நின்றான். நான் கொட்டை போடவே மறந்துபோனேன். இடம் மாதப்பனுக்குத்தான் என்பதில் ஹவில்தாருக்கும் சந்தேகம் இல்லை. அன்வர் மட்டையைச் சைக்கிளில் கட்டினான். “அங்க போயாச்சும் தமிழ்ல கத்துடா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மாதப்பன் பிற்பாடு ஹாக்கியாலேயே வேலைக்குப் போனான். அன்வர் கடையைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலங்களில் ஊர் அணிக்கு ஆடினான். அந்தச் சொல்லை அவன் விடவில்லை. அவனைப் பார்த்து, பக்கத்துக் கடத்தூரிலிருந்து ஆட வந்த, கன்னடமே தெரியாத பையன்களும் மைதானத்தில் “பிடு” என்று கத்த ஆரம்பித்தார்கள். சேலத்திலிருந்து வரும் அணிக்காரர்கள் அதைப் ‘பிடி’ என்று நம்பி, பந்து யாரிடம் வருகிறதோ அவன்மேல் பாய்வார்கள். பந்து அவனைத் தாண்டிப் போயிருக்கும். அப்படி எத்தனை கோல் போட்டோம் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. சிரிக்கவே நேரம் சரியாக இருந்தது.

அந்த மண் மைதானத்தில் இப்போது வரிசையாகக் கட்டடங்கள். பிள்ளைகள் வேறெங்கோ ஆடுகிறார்கள், விடு என்பதை இங்கிலீஷில் “லீவ், லீவ்” என்று கத்துகிறார்கள். எல்லா ஊர்க்காரர்களுக்கும் புரிகிறது. ஒருவரும் ஏமாறுவதில்லை.