அம்மாவின் வலது கையில் இருந்தவள்

ஒரு துணிப் பொம்மையின் மேல் எனக்குத் தீராத பொறாமை இருந்தது. அப்போது நான் ஐந்தாவது முடிக்கும் தறுவாயில் இருந்தேன். ஆறாவதுக்கு எங்கள் ஊரிலிருந்து ஆண்டிமடத்துக்கு பஸ் ஏற வேண்டும். பொட்டப்புள்ளைக்கு அஞ்சாவது போதும் என்று அப்பா முடித்துவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா முன்னால் அவள் எதற்கும் வாய் திறந்ததில்லை.

அந்தச் சமயத்தில் மகளிர் குழுவுக்குப் பொம்மலாட்டம் சொல்லித்தர டவுனிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். நூல் பொம்மையை மேலே நின்று இழுத்து ஆட்டவேண்டும், தோல் பொம்மைக்குத் திரையும் பின்னால் விளக்கும் வேண்டும், கைப்பொம்மைக்குக் கை இருந்தால் போதும் என்றாராம். அம்மா கைப்பொம்மையைத் தேர்ந்துகொண்டாள். இடது கைக்கு மீசை வைத்த ஒரு அப்பன், வலது கைக்கு ஒரு சிறுமி. சிறுமியின் உடுப்புக்கு என் பழைய பாவாடையைக் கிழித்தாள். அன்றைக்கே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது.

முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்த அவள் ஆள்காட்டி விரல் பொம்மையின் தலைக்குள் போகும். கட்டைவிரலும் நடுவிரலும் அதன் கைகளாகும். அடுப்படியில் உட்கார்ந்து அதோடுதான் பேச்சு. "என்னடி கண்ணு, இன்னும் சத்தமா கேளு" என்பாள். என்னை அவள் கண்ணு என்று கூப்பிட்டதாக நினைவில்லை.

கோயில் முன்னால் சேலையைத் திரையாகக் கட்டி ஆட்டம் நடந்தது. அம்மா குனிந்து மறைந்துகொண்டாள். சேலைக்கு மேலே பொம்மைகள் மட்டும்.

"அப்பா, ஆறாவது சேத்து வுடுங்கப்பா. சாயங்காலம் வந்து ஆடு மேய்க்கிறேன்" என்றாள் சிறுமி.

"போடி! பஸ் ஏறிப் படிச்சு கலெக்டர் ஆவப் போறியா?" என்றான் மீசைக்காரன்.

சிறுமி மீசையைப் பிடித்து இழுத்தாள். ஒரே சிரிப்பு. என் பக்கத்தில் இருந்த அப்பாதான் முதலில் கத்தினார்.

"சேத்து வுடுய்யா, பெரிய இவனாட்டம்!"

ஊரே சேர்ந்து கத்தியது. மீசைக்காரன் தலையாட்டினான்.

ஒரு துணிக்காக அம்மா கெஞ்சுகிறாள், அப்பா சண்டை போடுகிறார். வீட்டுக்கு நடக்கையில் அழுதுகொண்டே கேட்டேன்.

"பொம்மை மட்டும்தான் படிக்கணுமா?"

முன்னால் போன அப்பா நின்றார். கூட வந்த பெரியப்பா, "கேக்குதுல்ல? பதில் சொல்லு, மீசைக்காரா" என்று சிரித்தார். அப்பா விறுவிறுவென்று நடந்தார்.

ஜூன் மாதம் அவரே என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எனக்கு மனம் ஆறவில்லை. அந்தப் பொம்மைக்காக ஊரையே கூட்டிப் பேசிய அம்மா, எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று ஆண்டிமடம் வரை பொருமிக்கொண்டே போனேன்.